மூன்று எழுத்துக்குப் பின்னால் ஒரு மனிதர்



நம் திருவண்ணாமலையில் டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தைப் பார்க்காமல் ஒரு நாள் கழியுமா? விடியற்காலையில் பூக்கூடையைக் கட்டிக்கொண்டு வருகிற மொபெட்டில் அது இருக்கிறது. பால் கேன் தொங்குகிற வண்டியில் இருக்கிறது. நம் கல்லூரி ஸ்டாண்டில் நிற்கிற எத்தனையோ பைக்குகளில் இருக்கிறது. பௌர்ணமிக்கு மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறவர்கள் வழியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டேதான் நடக்கிறார்கள். ஆனால் அந்த எழுத்துக்குச் சொந்தக்காரர் யார், அவர் என்ன செய்தார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? போன வருஷம் வரைக்கும் எனக்கும் தெரியாது. ஒரு பழைய ஜீப்பின் பின் சக்கரத்தைக் கழற்றியபோதுதான் தெரிந்துகொண்டேன்.

எங்க அம்மாவின் தம்பி செங்கம் ரோட்டில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். ஐந்தாவது வரைக்கும் படித்தவர். ஞாயிற்றுக்கிழமையானால் நான் அங்கேதான். போன தை மாசம் ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பழைய மகேந்திரா ஜீப் வந்தது. சாமை மூட்டை ஏற்றி இறக்கி உழைத்துத் தேய்ந்த வண்டி. பிரேக்கை மிதித்தால் பெடல் அடிப்பலகை வரைக்கும் போகிறது என்றார் வண்டிக்காரர்.

முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஸ்டாண்டில் ஏற்றி, டிரம்மைக் கழற்றினோம். உள்ளே லைனர் முழுக்கத் தேய்ந்து, ரிவிட் தலை டிரம்மை உரசிக் கோடு கோடாகக் கிழித்திருந்தது. வீல் சிலிண்டரின் ரப்பர் கப் ஊறிப்போய், பிரேக் ஆயில் கசிந்து, ஷூ நனைந்து கிடந்தது. உள்ளே இருந்த தூசியை வாயால் ஊதப் போனேன். மாமா என் தோளைப் பிடித்து இழுத்தார். பழைய லைனரில் கல்நார் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்ப வராது, ஈரத்துணியால் துடை என்றார். பிறகு புது லைனர் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பெட்டி மேலே சுந்தரம் என்று ஒரு பேர். யார் இந்தச் சுந்தரம் என்று கேட்டேன். மதுரையில் பஸ் விட்டவர், லைப்ரரியில் போய்ப் படித்துப் பார் என்று சொல்லிவிட்டு ஸ்பிரிங்கை மாட்டப் போய்விட்டார்.

போய்ப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உத்தியோகத்தை உதறியவர்

டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி பிறந்தார். ஊர் திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருக்குறுங்குடி. நம் ஊர் மாதிரியே அதுவும் கோயிலால் பேர் பெற்ற ஊர்தான். அந்த ஊரின் பேர்தான் அவருடைய இனிஷியலில் டி என்று முன்னால் நிற்கிறது.

ஒரு வேடிக்கையைப் பாருங்கள். அதே 1877-இல், அவருக்கு ஒரு மாதம் முன்னால், பாரிஸ் நகரத்தில் லூயி ரெனோ என்று ஒரு குழந்தை பிறந்தது. நாம் இரண்டாம் ஆண்டில் படம் போட்டுப் படிக்கிற டிரம் பிரேக் இருக்கிறதே, அதை 1902-இல் கார்களுக்கு ஏற்ற வடிவில் கொண்டு வந்தவர் அந்த ரெனோதான். ஒருவர் பிரேக்கைக் கண்டுபிடித்தார். இன்னொருவருடைய பேர் நம் ஊர்ப் பட்டறையில் பிரேக் லைனர் பெட்டியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இருவரும் ஒரே வயசுக்காரர்கள்!

சுந்தரம் அய்யங்கார் முதலில் வக்கீல் தொழிலில் இறங்கினார். பிறகு ரயில்வேயில் வேலை பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு வங்கியில் வேலை. வெள்ளைக்காரன் காலத்தில் இதெல்லாம் சாதாரண உத்தியோகமா? மாசம் பிறந்தால் சம்பளம், போகிற இடத்தில் மரியாதை. அதை விட்டுவிட்டு வெளியே வந்தார். 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் அண்ட் சன்ஸ் என்ற கம்பெனி தொடங்கியது. அப்போது அவருக்கு வயசு 34.

இங்கே நான் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரிய மனிதர்களைப் பற்றி எழுதும்போது அவர்களும் நம்மைப் போல ஏழையாகப் பிறந்து தெருவிளக்கில் படித்தவர்கள் என்று எழுதுவது வழக்கம். இவர் அப்படி இல்லை. படிப்பு இருந்த குடும்பம், சட்டம் தெரிந்த ஆள். எங்கள் வீட்டில் கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்த கடைசி ஆள் என் தாத்தா. பத்தாவது பாஸ் செய்த முதல் ஆள் நான். ஆகவே அவர் தொடங்கின இடத்தில் நான் என்னைப் பார்க்க முடியவில்லை. தொடங்கின பிறகு அவர் செய்ததைப் படித்தபோதுதான் மனசில் ஒட்டியது.

நேரம் தவறாத பஸ்

1912-இல் அவர் பஸ் விட ஆரம்பித்தார். தென் தமிழ்நாட்டில் மோட்டார் போக்குவரத்துக்கு அஸ்திவாரம் போட்டவர் அவர் என்றால் அது மிகையாகாது. அந்தக் காலத்து ரோட்டை நினைத்துப் பாருங்கள். மாட்டு வண்டியும் ஜட்காவும் போகிற மண் பாதை. வண்டி, டயர், உதிரி பாகம் எல்லாம் கப்பலில் வர வேண்டும். நடுவழியில் ஒரு சின்ன சாமான் உடைந்தாலும் கடையில் போய் வாங்கிவிட முடியாது. எனவே பஸ் வாங்குவதற்குப் பணம் இருந்தால் மட்டும் போதாது. உடைவதற்கு முன்னாலேயே பார்த்து மாற்றுகிற பட்டறை வேண்டும்.

அந்தப் பட்டறையைத்தான் அவர் கட்டினார். மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் இரண்டு கதை சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து வீட்டுக் கடிகாரத்தைத் திருத்தி வைத்தார்கள் என்பது ஒன்று. மாட்டு லாடத்திலிருந்து ரோட்டில் விழுந்து கிடக்கிற ஆணிகள் டயரைக் குத்தாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டியை ஓட்டி அவற்றைப் பொறுக்கி எடுத்தார்கள் என்பது இன்னொன்று. ஆணி குத்தின பிறகு பஞ்சர் ஒட்டுவது எல்லோரும் செய்கிற வேலை. ஆணியை முன்னாலேயே பொறுக்குவது வேறு புத்தி.

படிக்கும்போது இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணம் எங்க அப்பா.

அப்பா ஜவ்வாது மலையில் ஜீப் டிரைவராக இருந்தார். சொந்த வண்டி இல்லை, சம்பளத்துக்கு ஓட்டினார். பெடல் தாழ்ந்து போகிறது, பின் சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்று முதலாளியிடம் மூன்று வாரம் சொல்லியிருக்கிறார். இந்த நடை முடியட்டும், அடுத்த நடை முடியட்டும் என்றே பதில் வந்தது. அந்த மாதிரிப் பழைய ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே வழிதான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் லைன். எந்த மூலையில் கசிந்தாலும் நான்கு பிரேக்கும் சேர்ந்தே போய்விடும். நான் ஒன்பதாவது படிக்கும்போது, ஒரு இறக்கத்தில் அதுதான் நடந்தது. இடது பின் சக்கரத்து வீல் சிலிண்டர் விட்டுவிட்டது. அப்பா கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து மண்மேட்டில் வண்டியை மோதி நிறுத்தினார். உள்ளே இருந்த பதினொரு பேரும் பிழைத்தார்கள். அப்பாவுக்கு வலது கால் முறிந்தது. இன்றைக்கும் சாய்ந்துதான் நடக்கிறார். ஒரு ரப்பர் கப் என்ன விலை என்று எனக்கு இப்போது தெரியும். ஆட்டோமொபைல் பிரிவில் ஏன் சேர்ந்தாய் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில்.

கரியில் ஓடிய வண்டி

மறுநாள் மீதியைப் படித்தேன். பஸ்ஸோடு லாரிகளும் சேர்ந்து சதர்ன் ரோட்வேஸ் என்ற பேரில் ஓடின. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் என்று கம்பெனிகள் வளர்ந்தன. டயரை ரீட்ரெட் செய்கிற தொழிற்சாலையும் வந்தது. 1950-களில் நம் நாட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்பதில் சுந்தரம் மோட்டார்ஸ் பெரிய இடத்தில் இருந்தது.

ஆனால் நம்மைப் போன்ற டெக்னிக்கல் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கேஸ் பிளான்ட். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோல் கிடைக்கவில்லை. மற்றவர்கள் வண்டியை ஷெட்டில் நிறுத்த வேண்டிய நிலை. சுந்தரம் அய்யங்கார் கம்பெனி டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்று ஒன்றைத் தயாரித்து விற்றது. வண்டியோடு ஒரு உலையைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைப் போட்டு, காற்றைக் குறைவாக விட்டு எரிக்க வேண்டும். காற்று போதாததால் கரி முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயு உண்டாகும். அதைக் குளிர வைத்து, தூசியை வடிகட்டி, எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் இல்லாமல் வண்டி ஓடும். பெட்ரோலில் கிடைக்கிற இழுவை கிடைக்காது, கிளம்புவதற்கு முன்னால் உலையை மூட்டிக் காத்திருக்கவும் வேண்டும். இருந்தாலும் பஸ் ஓடியது. இல்லாததை நினைத்து உட்காராமல் இருக்கிறதை வைத்து ஓட்டிய அந்த மனசு நமக்கெல்லாம் ஒரு பாடம்.

மகள் சௌந்தரம்

அவருடைய வாழ்க்கையில் பஸ்ஸும் பட்டறையும் மட்டும் இல்லை. அவருடைய மகள் சௌந்தரத்துக்குச் சின்ன வயசிலேயே கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை டாக்டர். சில வருஷத்திலேயே அவர் இறந்துவிட்டார். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வீடுகளில் விதவைப் பெண்ணுக்கு என்ன கதி என்று உங்களுக்கே தெரியும். ஆனால் சுந்தரம் அய்யங்கார் வீட்டில் மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை. படிக்க அனுப்பினார்கள். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936-இல் சௌந்தரம் டாக்டரானார்.

பிறகு காந்தியவாதியான ஜி. ராமச்சந்திரனை மணக்க விரும்பினார். அவர் வேறு சாதி, கேரளத்துக்காரர். வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லை. காந்தியடிகள் இருவரையும் ஓராண்டு பிரிந்திருந்து யோசிக்கச் சொன்னார். ஓராண்டுக்குப் பிறகும் மனம் மாறவில்லை. 1940 நவம்பரில் சேவாகிராமத்தில் காந்தியடிகள் முன்னிலையில் கல்யாணம் நடந்தது. அந்தத் தம்பதியர் 1947-இல் திண்டுக்கல் பக்கத்தில் தொடங்கியதுதான் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம் பின்னாளில் மத்திய அரசில் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் இருந்தார்.

எவ்வளவு பெரிய முன்யோசனைக்காரருக்கும் சில விஷயத்தில் மனசு மெதுவாகத்தான் திரும்புகிறது போலிருக்கிறது. ஆனாலும் மகளைப் படிக்க வைத்தது அந்தக் குடும்பம்தான், அதை மறக்கக் கூடாது. என் தங்கச்சி இப்போது பதினொன்றாவது படிக்கிறாள். அடுத்த வருஷத்தோடு போதும் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். நான் இந்தக் கதையை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மா இரண்டு தடவை கேட்டாங்க.

பிரேக் வந்த கதை

1955 ஏப்ரல் 28-ஆம் தேதி, 78-வது வயசில், கொடைக்கானலில் சுந்தரம் அய்யங்கார் காலமானார். நம் நாட்டில் பிரேக் செய்கிற ஆலையை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அதைச் செய்தவர்கள் அவருடைய பிள்ளைகள். 1962-இல் சென்னை பாடியில், இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியோடு சேர்ந்து பிரேக்ஸ் இந்தியா தொடங்கியது. லாரி, பஸ்ஸுக்கு ஏர் பிரேக் செய்கிற சுந்தரம் கிளேட்டனும் அதே 1962-தான். 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தது. நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துச் சோளிங்கரிலும் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை உண்டு. மதுரையில் ஓடிய அவர்கள் பஸ்கள் 1970-களின் தொடக்கத்தில் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஆயின. அண்மையில் குடும்பத்தார் கம்பெனிகளையும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். பஸ் போனாலும் மதுரையில் டி.வி.எஸ். நகர் இருக்கிறது, நம் பட்டறைப் பெட்டியில் பேர் இருக்கிறது.

பஸ் விட்டவரின் குடும்பம் ஏன் பிரேக்குக்கு வந்தது? என் சின்ன அறிவுக்கு எட்டியதைச் சொல்கிறேன். சொன்ன நேரத்துக்கு வண்டி வர வேண்டுமென்றால் அது ஓடினால் மட்டும் போதாது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் வேண்டும். பாதி வண்டிச் சாமான் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்டில், நிறுத்துகிற சாமானை இங்கேயே செய்தால்தான் அடுத்த நடைக்குத் தள்ளிப்போடாமல் உடனே மாற்றலாம்.

மறுபடியும் ஜீப்

கடைசியாக அந்த ஜீப்புக்கு வருகிறேன். வண்டிக்காரர் பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட முடியுமா என்று கேட்டார். எனக்கும் ஆசைதான். டிஸ்க் சீக்கிரம் சூடு ஆறும், ஓடையில் இறங்கி ஏறினாலும் சீக்கிரம் காய்ந்து பிடிக்கும். ஆனால் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிறது. முன்னால் பழசை வைத்துக்கொண்டு பின்னால் மட்டும் பலமாக்கினால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி வால் சுழற்றும். இந்த ஜீப்பின் 9 அங்குல டிரம்மை எடுத்துவிட்டு 11 அங்குலம் போட்டால், ஆரம் கூடுவதால் அதே அழுத்தத்துக்கு முறுக்குவிசை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும். அதையும் முன் சக்கரத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு லைன் விட்டாலும் இன்னொன்று பிடிக்கிற மாதிரி இரட்டை வழி மாஸ்டர் சிலிண்டர் போட வேண்டும் என்றார். அதைப் போட்டோம். டிரம் இரண்டையும் லேத்தில் ஒரே அளவுக்குச் சீவினோம். புது ஷூ, புது வீல் சிலிண்டர், புது ஹோஸ். தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்துக் காற்றெடுத்தோம்.

ஓட்டிப் பார்த்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. தப்பு என்னுடையது. இந்த ஜீப்பில் முன்புற ஷூவின் லைனர் நீளம், பின்புறத்தது குட்டை. சக்கரம் சுற்றுகிற வேகமே முன்புற ஷூவை டிரம்மோடு இழுத்து அழுத்தும், வேலை அதிகம் அதற்குத்தான். வலது பக்கத்தில் நான் இரண்டையும் மாற்றிப் போட்டிருந்தேன். மணி இரவு ஒன்பது. காலையில் பார்க்கலாமா என்று கேட்க வாய் வந்தது. அடுத்த நடை முடியட்டும் என்ற அந்தப் பழைய பதில் ஞாபகத்துக்கு வந்தது. கேட்கவில்லை. மறுபடி ஜாக்கி வைத்தேன்.

பதினொரு மணிக்கு அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து மாமா செங்கம் ரோட்டில் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பெடல் பாதியிலேயே நின்றது. வண்டி நேராக நின்றது. அப்பா ஒன்றும் பேசவில்லை. மெதுவாக இறங்கி, சாய்ந்து சாய்ந்து நடந்து, இரண்டு பின் டிரம்மிலும் கை வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே சூடு.

நண்பர்களே! நாளை நாம் டிப்ளமோ வாங்கி, ஒரு கம்பெனியிலோ டெப்போவிலோ பட்டறையிலோ நிற்கப் போகிறோம். நாம் போடுகிற ஒரு ரிவிட்டை நம்பி முகம் தெரியாத பதினொரு பேர் மலை இறங்குவார்கள். நம் பேர் எந்தப் பெட்டியிலும் அச்சாகாமல் போகலாம். அதனால் என்ன? ஆணி குத்துவதற்கு முன்னால் பொறுக்கி எடுத்தவரை நினைத்துக்கொள்வோம். இன்றைய வேலையை இன்றைக்கே, நேராகச் செய்வோம்.



— இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் துறை